ரோட்டில் மிச்சமிருக்கும் 2 மீட்டர் யாருக்கு?

கேட்டவரின் கேள்வி சுருக்கமாக இதுதான். நாகர்கோவில் மாநகராட்சியில் அவருடைய வார்டு வழியாகப் போகும் ஒரு ரோட்டைப் பெயர்த்துப் புதிதாகப் போடப் போகிறார்கள். டவுன் பஸ் ஓடுகிற ரோடு. இரண்டு பக்க ஓடையையும் (தண்ணீர் வடியும் வாய்க்கால்) சேர்த்து 12 மீட்டர் அகலம் இருக்கும் என்கிறார். வயதானவர்கள் நடைபாதை கேட்கிறார்கள். பிளஸ் 1, பிளஸ் 2 பிள்ளைகளின் பெற்றோர் சைக்கிளுக்குத் தனித்தடம் கேட்கிறார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் பஸ் நிறுத்தத்துக்கு நிழற்குடையும் பஸ் ஒதுங்க இடமும் கேட்கிறார்கள். கடைக்காரர்கள், உள்ளது உள்ளபடி இருக்கட்டும் என்கிறார்கள். கவுன்சிலரோ, "நீங்க எல்லாரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க, நான் மன்றத்துல வைக்கேன்" என்று நழுவிவிட்டார். மூன்றில் எதற்கு முதலிடம் கொடுப்பது?

இதில் கேட்கப்படுவது, நடையா சைக்கிளா பஸ்ஸா எது நல்லது என்பதல்ல. மூன்று சிறு கூட்டங்கள் தனித்தனியாகக் கேட்டு மூன்றும் தோற்காமல், கவுன்சிலரால் மறுக்க முடியாத ஒரே கோரிக்கையாக இதை எப்படி மாற்றுவது என்பதுதான் கேள்வி. ரோட்டு வடிவமைப்பிலும் உள்ளாட்சிக் கோப்புகளிலும் புழங்குகிற தொழில் என்பதால் அந்த இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்கிறேன். நேரடிப் பதில் முதலிலேயே: நடைபாதைக்கு முதலிடம், அந்த நடைபாதை போய்ச் சேரும் பஸ் நிறுத்தத்துக்கு இரண்டாமிடம். சைக்கிளுக்கு இந்த ரோட்டில் தனித்தடம் கேட்க வேண்டாம். வேகக் குறைப்பும் சைக்கிள் நிறுத்த இடமும் கேளுங்கள்.

நடப்பவரும் பஸ் பயணியும் வேறுவேறு ஆட்கள் அல்ல. பஸ்ஸில் போகிற ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து நிறுத்தம் வரை நடந்தவர்தான். 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. டிக்கெட் காசு ஒரு தடையாக இல்லாதபோது, அவர்களுக்கு மிச்சமிருக்கும் தடைகள் பஸ் வரும் நேரமும் நிறுத்தம் வரையிலான நடையும்தான். முந்தையது போக்குவரத்துக் கழகத்தின் கையில். பிந்தையது முழுக்க உங்கள் வார்டின் கையில். ஆகவே நடைபாதை கேட்கிற முதியவரும் நிறுத்தம் கேட்கிற பெண்ணும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடலாம். இருவரும் கேட்பது ஒரே இடத்தைத்தான்.

இந்த மூன்று தரப்பும் உண்மையில் போட்டி போடுவது ஒருவரோடொருவர் அல்ல, ரோட்டோரத்தில் நிற்கும் வண்டிகளோடு. 12 மீட்டரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நடைபாதையில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் வேண்டும் என்பது ரோட்டுத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் விதி. எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் உரசாமல் கடக்க அவ்வளவு தேவை. இரண்டு பக்கத்துக்கும் 3.6 மீட்டர். பஸ்ஸின் அகலம் 2.6 மீட்டருக்குள் இருக்கும். கண்ணாடியும் இடைவெளியும் சேர்த்து ஒரு திசைக்கு 3.2 மீட்டர் கொடுத்தால் டிரைவர் பதற்றமில்லாமல் ஓட்டுவார். இரண்டு திசைக்கும் 6.4. மொத்தம் 10 மீட்டர் போய்விட்டது. மிச்சம் 2 மீட்டர். உங்கள் வார்டின் அரசியல் முழுவதும் இந்த 2 மீட்டருக்குள்தான் நடக்கப்போகிறது.

அந்த 2 மீட்டரை ஒரு பக்கம் வண்டி நிறுத்தக் கொடுக்கலாம், தள்ளுவண்டிக்கும் மீன், பூ விற்பவர்களுக்கும் கொடுக்கலாம், மரம் வைக்கலாம், சைக்கிளுக்கும் கொடுக்கலாம். சைக்கிளுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? இரண்டு பக்கமும் பிரித்தால் ஆளுக்கு 1 மீட்டர். சைக்கிள் கைப்பிடியின் அகலமே 60 செ.மீ. அளவு, சற்று ஆடி ஓட்டினால் மீட்டர் முடிந்துவிடும். ஒரு சைக்கிள் இன்னொன்றை முந்த 2 மீட்டர் வேண்டும். வெறும் பெயின்ட் கோடாக 1 மீட்டர் போட்டால் அது பைக் நிறுத்த அளவெடுத்துக் கொடுத்த இடமாகிவிடும். அந்த வரிசையைச் சுற்றிப் போக பிள்ளை நடுரோட்டுக்கு வரவேண்டும். கோடு இல்லாமல் இருந்திருந்தால் பின்னால் வருகிறவராவது அதை எதிர்பார்த்திருப்பார். அரைகுறைத் தடம் தடமே இல்லாததைவிட மோசம் என்று நான் சொல்வது இதனால்தான்.

தனித்தடம் கட்டாயம் வேண்டிய ரோடுகள் இந்த மாவட்டத்தில் உண்டு. லாரியும் பஸ்ஸும் 50, 60 கி.மீ. வேகத்தில் ஓடும் தேசிய நெடுஞ்சாலை 66, 44 போன்றவற்றில் சைக்கிளைக் கலந்து விடுவது கொடுமை. வார்டு ரோட்டுக்கு வேறு வழி இருக்கிறது. எல்லா வண்டியும் 30 கி.மீ.க்குள் ஓடினால் சைக்கிள் கலந்தே ஓடலாம். காரணம் எளிய கணக்கு: டிரைவர் சுதாரிக்க 1 விநாடி ஆகும். உலர்ந்த ரோட்டில் ஓரளவு நல்ல பிரேக் என்று வைத்துக்கொண்டால், 30 கி.மீ. வேகத்தில் வண்டி நிற்க 14 மீட்டர் அளவு போதும், 50 கி.மீ. வேகத்தில் 30 மீட்டர் வேண்டும். நம் ஊர் மழைக்கு இரண்டுமே கூடும். அடிபட்டவர் உயிர் பிழைக்கும் வாய்ப்பும் இந்த இரண்டு வேகங்களுக்கு இடையில் வெகுவாகக் குறைகிறது. எத்தனை சதவீதம் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. சாகும் அபாயத்தைப் பழைய ஆய்வுகள் கூட்டியும் புதியவை குறைத்தும் சொல்கின்றன. ஆகவே மன்றத்தில் சதவீதத்தை வைத்து வாதாடாதீர்கள், நிற்கும் தூரத்தை வைத்து வாதாடுங்கள். பள்ளி வாசலில் 14 மீட்டரையும் 30 மீட்டரையும் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டினால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

வேகத்தைக் குறைக்கப் பலகை மட்டும் நட்டால் யாரும் மதிக்கமாட்டார்கள். அதே சமயம் ஊரில் ஆளாளுக்குப் போடுகிற கூர்மையான வேகத்தடை பஸ் ரோட்டில் கூடவே கூடாது. பின்சீட்டில் இருக்கும் கர்ப்பிணியையும் முதுகுவலிக்காரரையும் அது தூக்கிப் போடும், நின்றுகொண்டு வருகிறவர் விழுவார். விதிப்படியான வளைமுதுகுத் தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டது. அதைவிட நல்லது, பள்ளி வாசலிலும் நிறுத்தத்திலும் ரோட்டையே நடைபாதை மட்டத்துக்கு மெல்ல உயர்த்தி, மேலே தட்டையாக விட்டு, அதன்மேல் வரிக்கோடு போடுவது. வண்டி தானாகக் குறையும். நடப்பவர் இறங்கி ஏற வேண்டாம். ஆனால் நாகர்கோவிலில் இதில் கெடுவது பெரும்பாலும் தண்ணீர் விஷயத்தில்தான். ஜூனிலும் பெய்யும், ஐப்பசியிலும் பெய்யும் ஊர் இது. உயர்த்திய மேடை ஓடைவரை முட்டினால் மேட்டுப் பக்கம் குளம் கட்டும். மேடையின் இரண்டு ஓரத்திலும் நீர் போக வழி விட்டு, அதன்மேல் இரும்புக் கிராதி போட வேண்டும். மதிப்பீட்டில் இது எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இனி நடைபாதை. நம் மாவட்டத்தில் நடைபாதை என்றால் பெரும்பாலும் ஓடைமேல் கிடக்கும் சிலாப்தான். அதில் தப்பில்லை, இடம் மிச்சம். தப்பு, சிலாப் போடுகிற விதத்தில். 1 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 10 செ.மீ. கனமுள்ள காங்கிரீட் சிலாப் 150 கிலோ வரும். தூர் வாரும்போது இதைக் கடப்பாரையால் நெம்புவார்கள், விளிம்பு உடையும், திரும்ப வைக்கையில் சரியாக உட்காராது, மிதித்தால் ஆடும். ஆடும் சிலாப்மேல் வயதானவர் நடக்கமாட்டார், ரோட்டில் இறங்கி நடப்பார். அப்புறம் "நடைபாதை போட்டும் யாரும் பயன்படுத்தலை" என்று சொல்வார்கள். இதற்கு வழி: ஓடைச் சுவரின் மேல்விளிம்பில் சிலாப் உட்காரப் பள்ளம் விட்டு வார்ப்பது, பெரும்பகுதியை நிலையாக மூடி வார்த்துவிட்டு, குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்றாகத் தூக்கும் சிலாப் வைப்பது, தூக்கும் சிலாப்பில் வளையம் பதிப்பது, வண்டி ஏறி இறங்கும் வாசல்களில் கனத்தைக் கூட்டுவது. தரைகல் பதித்தால் நடக்கும் இடத்தில் 60 மி.மீ., வண்டி ஏறும் இடத்தில் 80 மி.மீ. இதில் காசு மிச்சம் பிடித்தால் முதல் மழையிலேயே கல் இறங்கும்.

உயரம் இன்னொரு சிக்கல். நடைபாதை ரோட்டைவிட 15 செ.மீ.க்கு மேல் உயரக் கூடாது. சக்கர நாற்காலிக்கான சரிவு 12-க்கு 1. அதாவது 15 செ.மீ. ஏற 1.8 மீட்டர் நீளம் வேண்டும், நடைபாதையின் முழு அகலமே அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நடைபாதையை இறக்கி ஏற்றினால் அது அலை அலையாகப் போகும், நடக்க முடியாது. நடைபாதையை மட்டமாக ஓடவிட்டு, கார் ஏறும் சிறு சரிவை ரோட்டை ஒட்டிய ஓரத்தில் மட்டும் வைக்க வேண்டும். கூடவே, பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று வற்புறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் மேலேயே போட்டால் ரோடு 3, 4 செ.மீ. ஏறும். நாலு முறை போட்டால் நடைபாதையும் ரோடும் ஒரே மட்டம், மழைத்தண்ணீர் வீட்டுக்குள்.

பஸ் நிறுத்தத்தில், உங்கள் ஊர்ப் பெண்கள் கேட்கும் ஒரு விஷயத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். பஸ் ஒதுங்குவதற்கு ரோட்டோரத்தில் பள்ளம்போல இடம் வெட்டுவது நெடுஞ்சாலைக்குச் சரி. 12 மீட்டர் வார்டு ரோட்டில் அது நடைபாதையைத் தின்றுவிடும். அந்த இடத்தில் ஆட்டோவும் பைக்கும் நிற்கும், பஸ் வழக்கம்போல நடுரோட்டில் நிற்கும். ஒதுங்கிய பஸ்ஸும் திரும்ப ரோட்டுக்கு வர யாராவது வழிவிடும்வரை காத்திருக்க வேண்டும். இதற்கு நேரெதிரானதைக் கேளுங்கள்: நிறுத்தத்தில் நடைபாதையை அந்த மிச்ச 2 மீட்டர்வரை வெளியே நீட்டுவது. பஸ் ஓடுகிற தடத்திலேயே நிற்கும், ஏறுபவர்கள் மேடையிலிருந்தே ஏறுவார்கள். டவுன் பஸ்ஸின் முதல் படி தரையிலிருந்து உயரம், 15 செ.மீ. மேடையில் நின்று ஏறினால் முட்டுவலிக்காரருக்கு அது பெரிய உதவி. நிழற்குடையும் நீட்டிய பகுதியில் வரும், நடைபாதையை அடைக்காது.

அதைவிட முக்கியம், இடதுபக்கம் முந்துவது நின்றுபோகும். இப்போது நடப்பதைப் பாருங்கள். நிறுத்தத்தில் நாலு பைக் நிற்கிறது. பஸ் ஓரத்துக்கு வரமுடியாமல் 2 மீட்டர் தள்ளி நிற்கிறது. இறங்குகிறவர் தரையில் கால் வைக்கிறார். பஸ்ஸுக்கும் நின்ற பைக்குக்கும் இடையே ஒரு பைக் புகுந்து வருகிறது. நிறுத்தங்களில் ஆள் அடிபடுவது இப்படித்தான். மேடையை நீட்டிவிட்டால் புகுந்து வர இடமே இருக்காது. பின்னால் வரும் கார்கள் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும், உண்மைதான். அதற்குக் கூச்சல் வரும். பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: 50 இருக்கை பஸ் ரோட்டில் பிடிப்பது 12 மீட்டர் நீளம். அதே 50 பேர் காருக்கு ஒன்றரை ஆள் வீதம் வந்தால் 33 கார், இடைவெளியே இல்லாமல் ஒட்டி நின்றாலும் 130 மீட்டருக்குமேல் வரிசை.

நிறுத்தம் சந்திப்பைத் தாண்டி இருக்கட்டும், சந்திப்புக்கு முன்னால் வேண்டாம். முன்னால் இருந்தால் நின்ற பஸ்ஸைச் சுற்றி இடதுபக்கம் திரும்புகிறவர்கள் வெட்டிப் போவார்கள். பஸ்ஸின் முன்பக்கமாகக் கடக்கிறவர், பஸ்ஸை முந்தி வருகிறவர் கண்ணில் படமாட்டார். நிழற்குடையை எம்.எல்.ஏ. நிதியிலோ எம்.பி. நிதியிலோ கேட்கலாம், எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி, எம்.பி.க்கு 5 கோடி ஒதுக்கீடு உண்டு. பெயர்ப்பலகை பெரிதாக இருந்துவிட்டுப் போகட்டும், அதற்காகச் சண்டை போடாதீர்கள். பஸ் நிற்கிற இடத்தில் கட்டுகிறார்களா, பின்சுவர் திறந்திருக்கிறதா, வழித்தட எண்ணும் நேரமும் எழுதிய பலகை இருக்கிறதா என்பதற்குச் சண்டை போடுங்கள். மீன் கூடையோடு வரும் அம்மாக்கள் கூடையை இறக்கி வைக்க ஓரமாகக் கழுவிவிடக்கூடிய சிறு திண்ணை ஒன்றும் இருக்கட்டும். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவர் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்டது மாநிலச் செய்தியானது. அந்த அவமானத்துக்கு நிறுத்தத்தின் அமைப்பு மருந்தல்ல. ஆனால் கூடையோடு வருகிறவரும் பயணிதான் என்று வடிவமைப்பிலேயே ஒத்துக்கொள்வது குறைந்தபட்ச மரியாதை.

சைக்கிளுக்கு மிச்சம் என்ன? அரசு தரும் மிதிவண்டி கனமான இரும்பு வண்டி, கியர் கிடையாது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் வயலை ஒட்டிய சமதளத்தில் அது சுகமாக ஓடும், ஆடிக்காற்று எதிரே அடிக்காதவரை. கல்குளம், விளவங்கோடு பக்கம் மேடும் இறக்கமுமான செம்மண் நிலத்தில் பிள்ளைகள் பாதி ஏற்றத்தை இறங்கி உருட்டித்தான் கடக்கிறார்கள். ஆகவே இங்கே சைக்கிள், நீண்ட பயணத்துக்கான வாகனம் என்பதைவிட பள்ளிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் போய்ச் சேருகிற வாகனம். அதற்கு வேண்டியது பூட்டி நிறுத்த இடம். வண்டி நிறுத்தும் ஸ்டாண்டை ஏலம் எடுத்தவருக்கு சைக்கிளைவிட பைக்கில் வருமானம் அதிகம் என்பதால் சைக்கிள் மூலைக்குத் தள்ளப்படுகிறது. நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கார் நிற்கும் இடத்தில், 5 மீட்டருக்கு, தலைகீழ் ‘ப’ வடிவில் இரும்புக் குழாய் 5 நட்டால் பக்கத்துக்கு ஒன்றாக 10 சைக்கிளைப் பூட்டலாம். குழாய்களுக்கு இடையே 1 மீட்டர், உயரம் 75 செ.மீ., காலை காங்கிரீட்டில் புதைக்க வேண்டும். வெறும் முன்சக்கரத்தைச் சொருகும் கம்பி வேண்டாம், ரிம் வளையும், சட்டத்தைப் பூட்டவும் முடியாது. கடலோர வார்டு என்றால் துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாக முலாம் பூசிய குழாயாகக் கேளுங்கள்.

இன்னொன்று, சானல்கரை, அதாவது பாசனக் கால்வாயின் கரை. அனந்தனாறு சானல், தோவாளைச் சானல் போன்றவற்றின் கரைகள் ஏற்ற இறக்கமில்லாமல், லாரி இல்லாமல் போகின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தடம் அமையாது. ஆனால் கரை நீர்வளத் துறைக்குச் சொந்தம், மாநகராட்சி தீர்மானம் மட்டும் போதாது. தூர் வார இயந்திரம் வரவேண்டும் என்பதால் நிலையான தடுப்பு வைக்க விடமாட்டார்கள், கழற்றி மாட்டும் கம்பம்தான் வைக்கலாம். விளக்கு இல்லாத கரை இருட்டிய பிறகு பெண்களுக்கு உதவாது. ஆகவே இதை இரண்டாம் கோரிக்கையாகத் தனி மனுவில் வையுங்கள். ரோட்டு மனுவோடு கலந்தால் துறைக்குத் துறை கோப்பு போய் இரண்டும் தாமதமாகும்.

துறை என்றதும் ஒரு எச்சரிக்கை. உங்கள் ரோடு யாருடையது என்று முதலில் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை எல்லாம் நெடுஞ்சாலைத் துறைகளிடம். மற்றத் தெருக்கள் மாநகராட்சியிடம். மின்கம்பத்தை நகர்த்த மின்வாரியம், நிறுத்தத்தை மாற்றப் போக்குவரத்துக் கழகமும் போலீசும். கவுன்சிலர் நழுவுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். அவர் கையில் இல்லாததை அவரிடம் கேட்கிறோம். அவர் கையில் இருப்பது மன்றத் தீர்மானம், வார்டு குழு, பகுதி சபை. பல துறைகளை ஒரே மேசையில் உட்காரவைக்கும் இடம் கலெக்டர் தலைமையிலான மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழு. கவுன்சிலர் தீர்மானத்தோடு அந்தக் குழுவுக்கு மனு போனால் அதற்குத் தனி எடை உண்டு.

சட்டத்தின் பலமும் உங்கள் பக்கம். தடையில்லாத நடைபாதை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் உள்ள வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் சேர்ந்த 198ஏ பிரிவு, ரோட்டு வடிவமைப்பில் விதிகளை மீறி அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ 1 லட்சம் ரூபாய்வரை அபராதம் என்கிறது. இதை மிரட்டலாக எழுதாதீர்கள், ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும்; இன்ஜினியர் புரிந்துகொள்வார்.

கடைக்காரர்கள்தான் உண்மையான எதிர்ப்பு. "வண்டி நிறுத்த இடம் போனால் வியாபாரம் போகும்" என்பார்கள். பல வெளிநாட்டு நகரங்களில் அப்படி நடக்கவில்லை என்று ஆய்வுகள் உண்டு. ஆனால் கோட்டாறு கம்போளத்துக்கோ வடசேரிக்கோ அதை அப்படியே பொருத்திச் சொல்ல எனக்குத் துணிவில்லை. மூட்டை இறக்கும் கடையும் நகைக்கடையும் ஒன்றல்ல. உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு: ஒரு நாள் முழுக்க அரைமணிக்கு ஒருமுறை ரோட்டில் நிற்கும் வண்டிகளின் எண்ணைக் குறித்துப் பாருங்கள். காலையில் வந்த அதே வண்டி மாலைவரை நின்றால் அது வாடிக்கையாளருடையது அல்ல, கடைக்காரருடையதோ ஊழியருடையதோ தான். அந்தத் தாளைச் சங்கத் தலைவரிடம் தனியாகக் காட்டுங்கள், கூட்டத்தில் காட்டாதீர்கள். பிறகு பேரம்: காலை 9 மணிக்கு முன்னும் இரவிலும் சரக்கு இறக்கலாம், நிறுத்தங்களுக்கு இடைப்பட்ட பகுதியில் ஒரு பக்கம் மட்டும் பைக்குக்கு இடம். ஒரு கார் பிடிக்கும் நீளத்தில் 5 பைக் நிற்கும், 5 வாடிக்கையாளர் வருவார்கள் என்பது கடைக்காரருக்குப் புரிகிற கணக்கு. சைக்கிள் குழாய்களை ‘நமக்கு நாமே’ திட்டத்தில் சங்கமே பங்கு போட்டுச் செய்தால் அவர்கள் பெயரும் அதில் வரும்.

சாலையோர வியாபாரிகள் விஷயத்தில் ஒரு பிடிவாதம் வேண்டும். நடைபாதை என்று பேச்செடுத்ததும் முதலில் தூக்கப்படுவது பூக்காரம்மாவின் கூடை, கடைசிவரை தொடப்படாதது எதிரே நிற்கும் கார். 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி நகர விற்பனைக் குழு கணக்கெடுத்து இடம் ஒதுக்காமல் அவர்களை அகற்றக் கூடாது. மிச்ச 2 மீட்டரில் ஒரு பகுதியை அவர்களுக்கே ஒதுக்குங்கள். சாயங்காலம் வெளிச்சமும் ஆளும் இருப்பதால் நிறுத்தத்தில் நிற்கும் பெண்களுக்கும் அது பாதுகாப்பு. அதேபோல குருசடி (சிலுவை நட்ட சிறு வழிபாட்டிடம்), கோயில் வளைவு, கட்சிக் கொடிக்கம்பம் எதையும் உங்கள் மனு தொட வேண்டாம். அந்த இடத்தில் நடைபாதையை வளைத்துக் கொண்டுபோங்கள். 2 மீட்டர் நீளத் தகராறில் 600 மீட்டர் நடைபாதையை இழந்துவிடக் கூடாது. தேர் ஓடும் வீதி என்றால் கம்பங்கள் எல்லாம் கழற்றி மாட்டுபவையாக இருக்கட்டும்.

இவ்வளவும் 12 மீட்டர் என்ற அடிப்படையில். 30 மீட்டர் டேப்பை எடுத்து 50 மீட்டருக்கு ஒரு இடத்தில் சுவருக்குச் சுவர் அளந்து எழுதுங்கள். கூடவே நில அளவை வரைபடத்தின் நகலை வாங்கி ஒப்பிடுங்கள். தாளில் 12 இருந்து தரையில் 10 இருந்தால் அந்த 2 மீட்டர் யார் படிக்கட்டுக்குள் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும், பெயர் சொல்லாமல் அளவை மட்டும் இணையுங்கள். ரோடு 9.5 மீட்டராகக் குறுகும் இடத்தில் பஸ் தடத்தை 3 மீட்டராகச் சுருக்கி, ஒரு பக்கம் 2 மீட்டரும் மறுபக்கம் 1.5 மீட்டரும் நடைபாதை விடலாம். அங்கே வண்டி நிறுத்தமே கிடையாது. 8 மீட்டர் என்றால் ஒரு பக்கம் மட்டும் நல்ல நடைபாதை, இரண்டு பக்கமும் ஒப்புக்கு வேண்டாம். அதற்கும் குறைந்தால் ஒருவழிப் பாதை ஆக்கலாம் என்பார்கள். அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளாதீர்கள், ஒருவழியானால் வேகம் கூடும், திரும்பி வரும் பஸ் வேறு தெருவுக்குப் போகும், முதியவர் அங்கே நடந்து போக வேண்டும்.

அளவோடு ஆள் எண்ணிக்கையும் வேண்டும். பள்ளி நடக்கும் சாதாரண நாளில் காலை 7.30 முதல் 9.30, மாலை 4 முதல் 6. வண்டியை எண்ணாமல் ஆளை எண்ணுங்கள்: நடந்து, சைக்கிளில், பைக்கில், ஆட்டோவில், காரில், பஸ்ஸில். பஸ்ஸுக்கு இருக்கை நிறைந்தால் 50, நிற்பவர்களைக் கண்ணளவாகச் சேர்க்கலாம்; அப்படிச் சேர்த்தது என்று அடியில் எழுதிவிட வேண்டும். எண்ணுகிறவர்களில் ஒரு கடைக்காரரும் இருந்தால் பிறகு யாரும் மறுக்கமாட்டார்கள்.

மனு போகவேண்டிய நேரம், மதிப்பீடு தயாராவதற்கு முன். டெண்டர் விட்டபிறகு எதைக் கேட்டாலும் அது கூடுதல் பணி, அதற்குத் தனி அனுமதி, பிறகு "அடுத்த வருஷம் பாப்போம்". இன்ஜினியர் தயங்கினால், காங்கிரீட் போடுவதற்கு முன் இரண்டு வாரம் கூம்புகளும் மணல் மூட்டைகளும் வைத்து நிறுத்தத்தை நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பஸ் டிரைவர்களிடம் திரும்புவதற்கு இடம் போதுகிறதா என்று கேட்டு வளைவைத் திருத்திக்கொள்ளலாம். சோதனையை ஏப்ரல், மே விடுமுறையில் வைக்காதீர்கள், பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா நாட்களும் நாகராஜா கோயில் தைத் திருவிழா நாட்களும் வேண்டாம், அப்போதைய கூட்டத்தை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. தை முடிந்து தேர்வு தொடங்குவதற்கு முன்னால் உள்ள பிப்ரவரி வாரங்கள்தான் தோது.